முகூர்த்தத்தில் ஓர் இரட்டைத் தொகையீடு

நுண்கணிதத்தில் இரண்டாவது முறையும் நான் தோற்றுவிட்டதால், பல்கலைக்கழகம் என்னைத் தோராயமாக்க முடிவு செய்திருந்தது. எங்கள் பல்கலைக்கழகத்தில் இது வழக்கம்தான்.

விடுதிக் காப்பாளர் மரகதம் அம்மா மொட்டைமாடியில் வடகம் பிழிந்துகொண்டே செய்தியைச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் மறுதேர்வு, நித்யா. அதுலயும் போச்சுன்னா சனிக்கிழமை காலைல தோராயம். தலைக்குக் குளிச்சுட்டு வந்துரு."

"வலிக்குங்களாம்மா?"

"கிட்டத்தட்ட வலிக்காது."

என் முழுப்பெயர் நித்யகல்யாணி. தோராயமான பிறகு அது நித்யா என்றோ கல்யாணி என்றோ ஆகும். எது என்று அவர்கள் தீர்மானிப்பார்கள். மரகதம் அம்மா இப்போதே பழகிக்கொள்ள ஆரம்பித்திருந்தார்.

எனக்கு இதெல்லாம் புதிதல்ல. என் அறைத்தோழி பிருந்தாவைப் போன பருவத்தில் தோராயமாக்கினார்கள். அதற்கு முன் அவளுக்கு இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம் இருந்தது. நகைச்சுவைக்கு எல்லோரும் சிரித்து முடித்த பிறகு தனியாகச் சிரிக்கும் பழக்கம் இருந்தது. இரண்டையும் சில்லறை என்று விட்டுவிட்டார்கள். இப்போது அவள் சுமார் ஐந்தடி உயரம். காலையில் காப்பி மாதிரி ஒன்றைக் குடிக்கிறாள். மதியம் கொஞ்சம் படிக்கிறாள்.

அவளைப் பார்க்க அவளுடைய அம்மா தாராபுரத்திலிருந்து வந்தார். அறை வாசலில் வெகுநேரம் நின்றார்.

"எம்பொண்ணு மாதிரியேதான் இருக்கா" என்றார்.

பிறகு கொண்டுவந்த முறுக்குச் சம்படத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் முறுக்கைத் தின்றேன். நன்றாக இருந்தது. அதன் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

என் பிரச்சினை இரட்டைத் தொகையீடு. ஒற்றைத் தொகையீடு என்றால் எப்படியோ சமாளித்துவிடுவேன். அந்த நீண்ட வளைந்த கோடு இரண்டு சேர்ந்து வந்தால் எனக்குக் கை வியர்க்கும். அவை ஒன்றையொன்று பார்த்துச் சிரித்துக்கொள்வது போல இருக்கும்.

முதலில் பேராசிரியர் மாதேஸ்வரனிடம் போனேன். அவர் எப்போதும் கரும்பலகையைப் பார்த்தபடியேதான் பாடம் நடத்துவார். இந்தப் பருவத்தில் அவர் முகம் பலகைக்குள் போயிருந்தது. முதுகும் சட்டையும் மட்டும் வகுப்பில் இருந்தன. நான் சட்டையிடம் சந்தேகம் கேட்டேன்.

"சார், இந்த ஸ்டெப் எப்படி வந்துச்சுங்க?"

"நடந்து வந்துச்சு" என்றது பலகை.

"எங்கிருந்துங்க சார்?"

"முந்தின ஸ்டெப்புலிருந்து. பார்த்தாலே தெரியுதே."

எனக்குத் தெரியவில்லை என்றேன். சட்டையும் உள்ளே போய்விட்டது. கொஞ்சம் சாக்பீஸ் தூள் மட்டும் தரையில் விழுந்தது.

அறைக்குத் திரும்பினேன். பிருந்தா தலையை ஒருவாறு சீவிக்கொண்டிருந்தாள்.

"சக்திவடிவேல்னு ஒருத்தர் இருக்காருடி" என்றாள். "கால்குலஸ்ல புலி. யாரு எந்தச் சந்தேகம் கேட்டாலும் மாட்டேன்னு சொன்னதில்லையாம். நான் போகாம விட்டுட்டேன்."

"எங்க இருக்காரு?"

"சுமாரா கிழக்கால."

அவளால் அதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல முடியாது. நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். அவளும் ஏறக்குறைய அழுத்தினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பி, கிழக்கே போகும் பேருந்தில் ஏறினேன். நடத்துநர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க போகோணும் அம்மிணி?"

"சக்திவடிவேல்கிட்ட ட்யூஷனுங்க."

"சரியான வண்டிதான். ஆனா இது கிழக்க மட்டுந்தான் போகும். வடக்கையும் தெக்கையும் புடிச்சு வெச்சிருக்கோம்."

அவர் பின் இருக்கையைக் காட்டினார். இரண்டு பேர் ஆளுக்கொரு சன்னல் ஓரம் உட்கார்ந்து வடக்கையும் தெற்கையும் இறுக்கிப் பிடித்திருந்தார்கள். இருவருக்கும் நெற்றி வியர்த்திருந்தது.

"விட்டா என்னாகுங்க?"

"எல்லாம் ஒரே நேரத்துல மாற ஆரம்பிச்சுரும். அப்புறம் எதனால எது மாறுச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. ஒவ்வொண்ணாத்தான் மாத்தோணும்."

பகுதி வகையீட்டில் ஒன்றை மாற்றும்போது மற்றதை ஏன் அசையாமல் வைக்கச் சொல்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. இரண்டு பருவங்களாக யாரும் இந்த ஆட்களை எனக்குக் காட்டியிருக்கவில்லை.

வடக்கைப் பிடித்திருந்தவர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார். நான் போய்ச் சற்று நேரம் பிடித்துக்கொண்டேன். வடக்கு அவ்வளவு கனமில்லை. கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தது. நன்றாகப் பிடிக்கிறாய் என்று தெற்குக்காரர் பாராட்டினார். கணிதத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. காது வரைக்கும் சிரித்தேன்.

பேருந்து ஒரு கல்யாண மண்டபத்துக்குள் போய் நின்றது. வாசலில் குலை தள்ளிய வாழைமரங்கள் கட்டியிருந்தார்கள். சம்பங்கியில் எழுதிய பலகை ஒன்று நின்றது. சக்திவடிவேல், சுகந்தி என்று இரண்டு பெயர்கள். அவற்றுக்குக் கீழே செவ்வந்தியில், கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா, ரியல் அனாலிசிஸ், சந்தேகங்கள் தீர்க்கப்படும் என்று எழுதியிருந்தது.

அரக்குப் பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண்மணி என் மேல் பன்னீர் தெளித்தார். மாப்பிள்ளையின் அத்தை ருக்குமணி என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

"வாங்க கண்ணு. வகையீடுங்களா, தொகையீடுங்களா?"

"தொகையீடுங்க. இரட்டை."

"அப்ப மாப்பிள்ளை வீடு. வலது பக்கம் போங்க. வகையீட்டுக்காரங்க எல்லாம் பொண்ணு வீடு."

வலது பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் வருகிறவர்களை எல்லாம் சேர்த்துக்கொண்டே இருந்தார்கள். யார் வந்தாலும் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்து, மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்று பார்த்துத் திருப்திப்பட்டார்கள். இடது பக்கம் இருந்தவர்களுக்கு மொத்தத்தில் அக்கறை இல்லை. போன தடவை பார்த்ததற்கு எவ்வளவு மெலிந்திருக்கிறாய், எவ்வளவு கறுத்திருக்கிறாய் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் எனக்கு உறவினர்கள் போலவே தெரிந்தது.

மேடையில் மாப்பிள்ளை பட்டு வேட்டியும் மாலையுமாக நின்றிருந்தார். காதில் ஒரு சாக்பீஸ் செருகியிருந்தார். மேடைக்குக் கீழே ஒருவருக்கு இடிகரைப் பக்கமா சூலூர்ப் பக்கமா என்று வழி சொல்வது போல, தொடுகோடு எந்தப் பக்கம் போகும் என்று கை நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பின்னால் மணப்பெண் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். சந்தேகக்காரர்களின் வரிசை மேடைப் படியில் தொடங்கி மண்டபத்தைச் சுற்றி நீண்டிருந்தது.

நான் வரிசையின் கடைசியில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் இளம்பரிதி, இயந்திரவியல் மாணவர். மார்பு வரைக்கும் தாடி வைத்திருந்தார். வரிசையில் சேர்ந்த அன்று மழுமழுவென்று சவரம் செய்துகொண்டுதான் வந்தாராம்.

"ஏனுங்க இவ்வளவு நேரம்?" என்று கேட்டேன்.

"அண்ணன் தாலியைக் கையில எடுப்பாருங்க. யாராச்சும் ஒரு சந்தேகம்னு கையைத் தூக்குவாங்க. அவரால கேக்காத மாதிரி இருக்க முடியாது. தாலியைத் தட்டுல வெச்சுட்டு வந்துருவாரு. சொல்லி முடிக்கறதுக்குள்ள முகூர்த்தம் போயிரும். ஐயரு அடுத்த முகூர்த்தம் பார்ப்பாரு."

"ரொம்ப நாளா நடக்குதுங்களா?"

"கல்யாணம் ஆரம்பிச்சப்ப பொண்ணோட தங்கச்சி ஏழாவது படிச்சுட்டு இருந்தா. இப்ப அவ கல்யாணம் மேல் மாடில நடக்குது."

மேல் மாடியிலிருந்து மேளச் சத்தம் கேட்டது. அது நல்லபடியாகப் போய்க்கொண்டிருப்பது போலத் தெரிந்தது.

ருக்குமணி அத்தை வரிசை நெடுக நடந்து வந்தார். "எல்லாரும் ஒரு வாய் சாப்பிட்டு வந்துருங்க. சந்தேகம் எங்கயும் ஓடிப் போகாது. பந்தி முடிஞ்சாத்தான் முகூர்த்தம்" என்றார். வரிசை அப்படியே சாப்பாட்டுக் கூடத்துக்குள் வளைந்தது. இடம் மாறாமல் இருக்க முன்னால் இருப்பவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டோம்.

கூடத்தின் மூன்று சுவர்கள் நேராக இருந்தன. எதிர்ச் சுவர் மட்டும் வளைந்திருந்தது. பந்தி விசாரித்தவர் பெண்ணின் மாமா நாச்சிமுத்து. அவர் ஒரு தூணில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாயசம் கடைசி எலைக்குப் போகவே மாட்டேங்குது, கண்ணு" என்றார்.

நானும் பார்த்தேன். பரிமாறுகிறவர்கள் வாளியோடு வரிசையின் இந்த முனையில் தொடங்கி வளைந்த சுவரை நோக்கி நடந்தார்கள். அவர்கள் வருவதைக் கண்டதும் சுவர் பின்வாங்கியது. இலைகள் கூடின. அவர்கள் ஓடினார்கள். சுவரும் ஓடியது. வாளி காலியாயிற்று. அவர்கள் வெட்கத்தோடு திரும்பி வந்தார்கள்.

"அந்தக் கடைக்கோடில ஒக்காந்திருக்கறது எங்க அக்கா. பொண்ணுக்கு அம்மா. பாயசத்தைக் கண்ணால பார்த்ததில்ல. உப்பு வெச்ச எலையோட ஒக்காந்தே இருக்குது. அது எந்திரிக்காம முகூர்த்தம் எப்படி வைக்கறது?"

தூரத்தில் ஒரு பெண்மணி சிறியதாகத் தெரிந்தார். இலையில் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டிருந்தார். யாரையும் குறை சொல்கிற முகம் இல்லை. அது எனக்குப் பிருந்தாவின் அம்மாவை நினைவூட்டியது. என்ன செய்வது என்று தெரியாமல் கூடத்தைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். பக்கவாட்டில் பார்க்கும்போது இரண்டு பக்கமும் நேரான சுவர்.

"மாமா, நெட்டுக்குப் போகாதீங்க. குறுக்க போங்க."

"குறுக்கயா? பந்தில யாராச்சும் குறுக்க போவாங்களா?"

"இந்தச் செவுத்துலிருந்து அந்தச் செவுத்துக்குங்க. ஒவ்வொரு வரிசையிலும் ஒரு எலைதான். அப்புறம் ஒரு எட்டு தள்ளி, மறுபடி இந்தச் செவுத்துலிருந்து."

வேறு வழியில்லாததால் அவர் சரி என்றார். பரிமாறுகிறவர்கள் குறுக்கே நடந்தார்கள். வளைந்த சுவர் அவர்களைக் கவனிக்கவில்லை. தன்னை நோக்கி யாரும் வரவில்லை என்பதால் அது அலட்சியமாக நின்றது. அவர்கள் அதன் காலடி வரைக்கும் போய்விட்டார்கள். பெண்ணின் அம்மா இலையில் பாயசம் விழுந்தது. அவர் அதைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு அவசரமில்லாமல் குடித்தார்.

"ஏலக்கா கொஞ்சம் தூக்கலு" என்று அங்கிருந்து குரல் வந்தது.

கூடம் முழுக்கக் கைதட்டியது. நாச்சிமுத்து மாமா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். வரிசை கலைந்து, கை கழுவி, மீண்டும் சேர்ந்தது. அந்தக் குழப்பத்தில் யாரோ இழுத்துவிட்டார்கள். வரிசையின் தலைமாட்டில், மேடைப் படிக்குப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். இளம்பரிதி எனக்குப் பின்னால் இருந்தார்.

ஐயர் மணியைப் பார்த்தார். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். என் வலது கை தானாக மேலே போக ஆரம்பித்தது.

அதை நான் தடுக்க நினைக்கவில்லை. மறுதேர்வு அன்று மத்தியானம். நாளைக் காலையில் தோராயம். என் அம்மா பேருந்து பிடித்து வந்து அறை வாசலில் நிற்பாள். ஒரு கேள்வி கேட்டால் போதும். கை தோளைத் தாண்டியது.

மணப்பெண் என்னைப் பார்த்தார். பக்கத்தில் பார்த்தபோது அவர் மிகவும் களைத்திருந்தார். தலையில் வைத்த பூ பலமுறை மாற்றப்பட்டிருந்தது. அவர் மெதுவாகக் குனிந்து பேசினார்.

"உங்க சந்தேகம் பெருசுங்களா?"

"ஆமாங்க."

"எங்க கல்யாணமும் பெருசுதானுங்க."

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன்.

"அவர் மேல தப்பில்லைங்க" என்றார் சுகந்தி. "நானும் மொதல்ல சந்தேகம் கேக்கத்தான் வந்தேன். அவரு சொன்னது புரிஞ்சுது. அப்புறம் அவரைப் புடிச்சுது. ஆனா இங்க புரியாதவங்க எப்பவும் ஒருத்தர் அதிகமா இருக்காங்க."

என் கை காது வரைக்கும் போயிருந்தது. இடது கையால் அதைப் பிடித்து இறக்கினேன். சுலபமாக இல்லை. அதற்குத் தேர்வு எழுத வேண்டிய கவலை இருந்தது. முதுகுக்குப் பின்னால் மடக்கி, புடவை முந்தானையால் கட்டி வைத்தேன்.

"கெட்டிமேளம்" என்றார் ஐயர்.

மேளம் முழங்கியது. அப்போது எனக்குப் பின்னால் சரசரவென்று ஒரு சத்தம் கேட்டது. வரிசை முழுக்கக் கைகள் மேலே போய்க்கொண்டிருந்தன. மாப்பிள்ளையின் காது விடைத்தது. அவருடைய ஒரு கால் படியை நோக்கி நகர்ந்தது. சுகந்தி அவர் அங்கவஸ்திரத்தின் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

நான் வரிசையைப் பார்த்துத் திரும்பினேன்.

"என்கிட்ட கேளுங்க" என்றேன்.

"நீங்க யாருங்க?" என்றார் இளம்பரிதி.

"ரெண்டு அரியர் வெச்சிருக்கேன்."

வரிசையில் மரியாதையான ஒரு முணுமுணுப்பு பரவியது. இரண்டு முறை விழுந்தவளுக்குப் பள்ளம் எங்கே இருக்கிறது என்றாவது தெரியும் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். கைகள் இறங்கின.

"சரி, எனக்கு ரெண்டு தொகையீடு இருக்குது" என்றார் இளம்பரிதி. "வெளிய இருக்கறதுக்குப் போகறதுக்கு முன்னாடி உள்ள இருக்கறதை முடிக்கோணும். அது முடியவே மாட்டேங்குது. போட்டுட்டே இருக்கேன், நீண்டுட்டே போகுது. தாடி இங்க வந்துருச்சு."

அது என் சந்தேகமேதான். எனக்கு அழுகை வந்தது. மேளம் காதைப் பிளந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"பாயசம் எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன்.

"குறுக்க வந்துச்சு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"அட" என்றார் அவர்.

"அட" என்றேன் நானும்.

"வரிசையை மாத்திப் போடலாமுங்களா? ரெண்டாவதை மொதல்ல?"

"எலை அதேதான். பாயசமும் அதேதான். நடக்கற திசைதான் வேற. ஆனா எங்க ஆரம்பிச்சு எங்க நிக்கறதுன்னு புதுசாப் பார்த்துக்கோணும்."

அவர் சட்டைக் கையில் ஏதோ எழுதிப் பார்த்தார். எழுதி முடித்ததும் அவர் தாடி கழன்று கீழே விழுந்தது. அதைக் குனிந்து எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் அழகாக இருந்தார். ஆனால் அதைக் கவனிக்க நேரம் இல்லை.

அடுத்து நின்றது மணிமாலா என்ற பெண்.

"முடிவில்லாமப் போற ஒரு தொடரைக் கூட்டினா ஒரு எண்ணுக்கு வருமா, இல்ல பெருசாகிட்டே போகுமான்னு எப்படிக்கா கண்டுபுடிக்கறது?"

"உங்க வீட்லருந்து இன்னும் எத்தனை பேரு கல்யாணத்துக்கு வரோணும்?"

"அதுக்கு முடிவே இல்லக்கா. ஆனா வரவர வரவங்க சின்னவங்களா இருக்காங்க."

"எவ்வளவு சின்னவங்க?"

"ஒவ்வொருத்தரும் முந்தின ஆள்ல பாதி."

"மொதல்ல வரவரு எவ்வளவு பெருசு?"

"பெரியப்பா. அவரே அரை வேனுக்கு வருவாரு."

"அப்ப மொத்தப் பேருக்கும் ஒரே வேன் போதும்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே வேன் சொல்ல ஓடினாள். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டார்.

எனக்குத் தலை லேசாகிவிட்டது. கால்கள் தரையில் பட்டும் படாமலும் இருந்தன. ஒரு மாணவர் தொகையீட்டின் கடைசியில் எதற்கு ஒரு மாறிலியைக் கூட்ட வேண்டும் என்று கேட்டார். கல்யாணத்துக்கு வந்தவர்களை எல்லாம் எண்ணிவிட்டு, ஏற்கெனவே மண்டபத்திலேயே இருந்தவர்களை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றார். அதுதான் என்றேன். அவருக்குப் புல்லரித்தது. எனக்கும்தான். எனக்கே தெரியாதவற்றை எல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்ததும் அவை எனக்குத் தெரிந்துவிட்டன.

இரண்டாவது முடிச்சும் விழுந்தது. மாப்பிள்ளை ஒரு கண்ணால் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்து வீட்டில் மீன் வறுக்கும் வாசனை வந்த மாதிரி அவர் மூக்கு துடித்தது. அங்கவஸ்திரம் இறுகியது. மூன்றாவது முடிச்சை முறைப்படி மாப்பிள்ளையின் தங்கை போட்டாள். தப்பித்தோம்.

எல்லோரும் அட்சதை தூவினார்கள். அட்சதை பாதி தூரம் வந்தது. பிறகு மிச்சத்தில் பாதி தூரம் வந்தது. பிறகு அதிலும் பாதி. அது தலையில் விழும் வரைக்கும் நாங்கள் அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

மாப்பிள்ளை மேடையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

"நீங்க கையைத் தூக்கினதைப் பார்த்தனுங்க. உங்க சந்தேகம் என்னங்க?"

முந்தானையை அவிழ்த்துக் கையை எடுத்தேன். உள்ளங்கையைப் பார்த்தேன். புறங்கையையும் பார்த்தேன்.

"இங்கதானுங்க வெச்சிருந்தேன்."

"நல்லாத் தேடுங்க."

"இல்லைங்க. தொலைஞ்சுபோச்சு."

அவர் வருத்தப்பட்டார். அவரிடம் வந்து சந்தேகத்தைக் கொடுக்காமல் போனவர்கள் யாருமில்லையாம். சுகந்தி அவர் தோளைத் தொட்டார்.

"விடுங்க. எனக்குப் பசிக்குது. பாயசம் இருக்குதாம்."

இருவரும் கைகோத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் போனார்கள். சுவர் அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது. கதவருகே சுகந்தி திரும்பிப் பார்த்து என்னிடம் ஒன்றும் சொல்லாமல் சிரித்தார். வாசல் பலகையில் செவ்வந்தி எழுத்துகளை மட்டும் யாரோ உதிர்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் தேர்வுக்கு ஓடினேன்.

மறுதேர்வு பல்கலைக்கழகத்தின் பின்புறம் பெரிய கொட்டகையில் நடந்தது. தரையில் வைக்கோல் பரப்பியிருந்தார்கள். மேசைகளுக்கு இடையில் தாராளமாக இடம் விட்டிருந்தார்கள். கண்காணிப்பாளர் பொன்னுரங்கம், தோளில் ஒரு கயிற்றுச் சுருளைப் போட்டுக்கொண்டு நடந்தார்.

"விடை வந்ததும் ஆரும் கத்தக்கூடாது. மெரண்டுரும்" என்றார்.

முதல் கேள்வியே இரட்டைத் தொகையீடு. இரண்டு வளைந்த கோடுகளும் என்னைப் பார்த்தன. நான் அவற்றைப் பார்த்தேன். படம் வரைந்தேன். திசையை மாற்றினேன். எங்கே தொடங்குவது, எங்கே நிற்பது என்று புதிதாகக் குறித்துக்கொண்டேன். உள்ளே இருந்தது முனகாமல் முடிந்தது. வெளியே இருந்தது அதன் பின்னாலேயே வந்தது. எனக்கு விசில் அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்கவில்லை.

விடை வந்தது.

கொட்டகை வாசலில் தலையைக் குனிந்து நுழைந்தது. மயிலை நிறக் காளை. நல்ல திமில். கொம்புகள் ஒரே சீராக வளைந்து மேலே போயிருந்தன. நேராக என் மேசைக்கு வந்து நின்று, தாளின் மேல் சூடாக மூச்சு விட்டது. மை சீக்கிரம் காய்ந்தது.

மற்றவர்களுக்கும் வந்துகொண்டிருந்தன. சிலருக்குக் கன்றுக்குட்டி வந்தது. பக்கத்து மேசைக்காரருக்கு வந்த விடைக்கு வால் இல்லை. அவர் கடைசி வரிக்கு முன்னால் எதையோ விட்டிருந்தார். மீண்டும் தேட ஆரம்பித்தார். வால் இல்லாத விடை பொறுமையாகக் காத்து நின்றது.

பொன்னுரங்கம் என்னிடம் வந்தார். விடையின் வாயைத் திறந்து பல் பார்த்தார். முழங்காலைத் தட்டினார். முதுகில் கையை வைத்து அமுக்கினார்.

"தாட்டியமாத்தான் இருக்குது" என்றார். "ஆனா சுழி பார்க்கோணும். ஆகாத சுழி ஒண்ணு இருந்தாலும் மார்க்கும் சுழிதான்."

அவர் அதைச் சுற்றி வந்தார். வயிற்றுக்கு அடியில் குனிந்து பார்த்தார். தொடையைப் பார்த்தார். வாலைத் தூக்கிப் பார்த்தார். நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இனி என்னால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. விடையின் கண் என் பக்கம் இருந்தது. அதற்குப் பயமே இல்லை.

கழுத்தருகே அவர் கை நின்றது. ரோமத்தை விலக்கினார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார்.

"இங்க ஒண்ணு இருக்குதே."

நானும் எட்டிப் பார்த்தேன்.

"ராஜசுழி" என்றார். "இது இருக்கலாம். இருந்தா நல்லது."

"அப்ப தோராயமுங்க?"

"எதுக்கு? எல்லாம் அச்சு அசலா இருக்குது. சீக்கிரம் ஓட்டிட்டுப் போங்க. பின்னாடி எடம் பத்தல."

தோளிலிருந்து கயிற்றை எடுத்து அதன் கழுத்தில் கட்டி, நுனியை என் கையில் கொடுத்தார். அது தரையில் மண்டியிட்டது. நான் ஏறி உட்கார்ந்தேன். அது எழுந்தபோது என் தலை கொட்டகைக் கூரையை இடித்துவிடும் போல இருந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் எல்லோரும் எல்லோரையும் போல இல்லை. ஒவ்வொருவர் தலையிலும் சுழி வேறு வேறு இடத்தில் இருந்தது.

நாங்கள் அவிநாசி சாலைக்கு வந்தோம். அது ஓட ஆரம்பித்தது. கார்கள் ஒதுங்கின. காற்று என் வாய்க்குள் புகுந்து என்னைச் சிரிக்க வைத்தது. எங்கே போகிறோம் என்று நான் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியது மட்டும் கொஞ்சம் உறுத்தியது. கிளம்பும்போது விடைபெற வேண்டும் என்பது முறை.

நான் பெற்றிருந்தேன். அது இன்னும் வேகமாக ஓடியது.